போன் லைன், நெட்வொர்க் கேபிள் வேலைக்கு எந்த டூல்? எது எப்ப பொய் சொல்லும்னு பாத்து வாங்குங்க

புதுசா கேபிள் வேலைக்கு வர்ற பசங்க யாரா இருந்தாலும் மொதல்ல கேக்கறது "அண்ணே, எந்த டெஸ்டர் வாங்கலாம்?"னுதான். டெஸ்டர் அப்புறம் பாக்கலாம்டா, மொதல்ல உன் கத்தரிக்கோலைக் காட்டுன்னு சொன்னா மூஞ்சி தொங்கிடும். ஆனா நெசம் அதான். நாள் முழுக்க கையில இருக்கப்போறது கத்தரியும் பஞ்ச் டூலும் (வயரை அடிச்சு உக்கார வைக்கற டூல்)தான், டெஸ்டர் சாயங்காலம் கடைசி அரை மணி நேரத்துக்குத்தான் பையை விட்டு வெளிய வரும், அப்ப அது காட்டற தப்பெல்லாம் பெரும்பாலும் காலைல மொக்கை டூலை வச்சு நாமளே பண்ணி வச்ச தப்பா இருக்கும்.

நான் டூல் வாங்கறப்ப எனக்குள்ள ஒரே கேள்விதான் கேட்டுக்குவேன். இது எந்தத் தப்பை என்கிட்ட காட்டாம மறைக்கும்? ஏன்னா எல்லா டூலும் ஏதோ ஒரு எடத்துல பொய் சொல்லும். அந்த எடம் தெரிஞ்சா சாதாரண டூலை வச்சே ஒப்பேத்திடலாம், தெரியலைன்னா எவ்ளோ பெரிய பெட்டி வாங்கினாலும் காலை வாரிடும். கீழ ஒப்பிட்டு எழுதினது எல்லாமே அந்தக் கணக்குலதான், பெட்டி மேல அச்சடிச்சிருக்கற அம்சங்களை வச்சு இல்ல.

பஞ்ச் டூல்ல ஆரம்பிக்கறேன். வேலையில அடிக்கடி மாட்டற பிளாக் (வயர்களை அடிச்சுச் சேக்கற கட்டை) மூணு வகை: 66, 110, க்ரோன். 66ங்கறது பழைய போன் வயரிங், வட அமெரிக்கா பழக்கம். 110 இப்ப பேட்ச் பேனல் (கேபிள் எல்லாம் வந்து சேர்ற போர்ட் வரிசை), ஜாக் (சுவத்துல பிளக் சொருகற எடம்)னு எங்க பாத்தாலும் இருக்கு. க்ரோன் (எல்எஸ்ஏ ப்ளஸ்னும் சொல்லுவாங்க) ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஆசியால நிறைய எடத்துல டெலிபோன் டேக் பிளாக்கா உக்காந்திருக்கு. இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா க்ரோன்ல வயரைக் கவ்வற கான்டாக்ட் அந்த வயருக்கு 45 டிகிரி சாய்வா நிக்கும், 110ல அப்படி இல்ல, நேரா நிக்கும். அதனால 110 பிளேடை வச்சு க்ரோன் பிளாக்ல டமால்னு அடிச்சா வயர் உள்ள போகும், டயல் டோனும் வரும், நாமளும் வீட்டுக்குப் போயிடுவோம், ஆனா கான்டாக்ட் கொஞ்சம் விரிஞ்சு போயிருக்கும், சில மாசம் கழிச்சு லைன்ல கரகரன்னு சத்தம்னு கூப்புடுவாங்க. அன்னிக்கு அடிச்ச அடிதான் இதுன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஒரே கைப்பிடி, பிளேடு மட்டும் மாத்திக்கற மாதிரி டூல் வாங்கறதா, ஒவ்வொரு பிளாக்குக்கும் தனி டூலான்னு கேட்டா, 66ம் 110ம் மட்டும் வர்ற ஆளுக்கு ஃப்ளூக் டி814 மாதிரி மாத்து பிளேடு டூல் ஒண்ணு போதும், திருகிப் பூட்டற பிளேடு, அடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கற வசதி, வருஷக்கணக்கா ஓடும். அதுக்கு க்ரோன் பிளேடும் கெடைக்குது, அவசரத்துக்கு ஓகே. ஆனா தெனமும் க்ரோன்ல வேலைன்னா க்ரோனோட ஒரிஜினல் டூலைத்தான் சொல்லுவேன். அதோட கத்தரி வயர் முழுசா கீழ எறங்கினதுக்கு அப்புறம்தான் வெட்டும், அதாவது டூலே "உக்காந்திருச்சு"ன்னு சொல்லுது. கூடவே வயரைப் பிடுங்க ஒரு கொக்கியும் மடிச்சு வச்சிருக்கு. அதே உருவத்துல வர்ற நகல் டூல் கையில பிடிச்சா வித்தியாசமே தெரியாது, ஆனா கொஞ்ச நாள்ல கத்தரி மழுங்கி வாலை (வெளிய நீட்டற மிச்ச வயரை) வெட்டாம இழுத்துப் பிய்க்கும், பிய்க்கறப்ப உள்ள உக்காந்த வயரும் தளரும். இது கண்ணுக்குத் தெரியாத தப்பு, அதான் மோசம்.

ஜாக் பெட்டியோட இலவசமா வர்ற பிளாஸ்டிக் குச்சி, ஸ்பிரிங் இல்லாதது, அதை ஒரு ஜாக்குக்கு மேல யூஸ் பண்ணாதீங்க.

இன்னொண்ணு, என் கதை. 110 பிளேடுல ஒரு பக்கம் வெட்டும், மறுபக்கம் வெட்டாது. வெட்டற பக்கம் வால் பக்கமா இருக்கணும். ஆரம்ப காலத்துல ஒரு 24 போர்ட் பேனல் முழுக்க டூலைத் திருப்பிப் பிடிச்சு அடிச்சிட்டேன், அதாவது வர்ற கேபிளை வெட்டிட்டு வாலை அழகா உக்கார வச்சிருக்கேன். பாக்க எவ்ளோ நீட்டா இருந்துச்சு தெரியுமா. அதுலேருந்து எந்த பஞ்ச் டூலா இருந்தாலும் வெட்டற பக்கத்துல சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வச்சுடுவேன், இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பழக்கத்தை விடலை.

கத்தரிக்கோல் விஷயத்துல எனக்கு சந்தேகமே இல்ல. டெலிபோன் ஆளுங்க வச்சிருக்கற குட்டை கத்தரி, பிளேடு முதுகுல வயர் தோல் உரிக்க ரெண்டு சின்ன வெட்டு இருக்குமே அது, க்ளைன் 2100-7 மாதிரி. பக்கவாட்டு கட்டரை விட இது ஏன் மேலன்னா ஒரே கையால பிடிச்சு வெட்டலாம், உரிக்கலாம், ஜாக்கெட்டை நீளவாக்குல கிழிக்கலாம், விரல்லயே மாட்டிக்கிட்டு அடுத்த வேலையும் பாக்கலாம். பக்கவாட்டு கட்டர் வெட்ட மட்டும்தான். ஜாக்கெட் உரிக்க ஒரு வளையம் மாதிரி ஸ்ட்ரிப்பர் வருது, அதுல பிளேடு ஆழம் அட்ஜஸ்ட் பண்ற வகையை மட்டும் வாங்குங்க. ஆழம் மாத்த முடியாத வகை ஒரு கேபிளுக்குச் சரியா இருக்கும், அடுத்த கேபிள்ல உள் வயரோட இன்சுலேஷன்ல கோடு போட்டுடும். லேசா ஒரு சுத்து, மடக்கு, தானா விட்டுக்கும், மிச்சத்துக்கு உள்ள இருக்கற நூலைப் பிடிச்சு இழுத்துக்கலாம், அந்த நூல் அதுக்குத்தான் இருக்கு, நெறைய பேர் அது ஏதோ பேக்கிங்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க.

கிரிம்பர், அதாவது கேபிள் முனையில பிளக்கை அமுக்கி மாட்டற டூல். இங்கதான் சண்டை. வயர் பிளக் முன்னாடி வழியா வெளிய வந்து கிரிம்ப் பண்றப்ப வெட்டுப்படற பாஸ் த்ரூ வகையா, இல்ல அளந்து வெட்டி உள்ள தள்ளற பழைய வகையா. பாஸ் த்ரூல கலர் வரிசை வெளியவே தெரியும், வயர் ஜோடியோட முறுக்கை பிளக் வரைக்கும் இறுக்கமா கொண்டு வரலாம், புதுசா வர்றவனுக்கு வேகம். பழைய வகையில வயர் முனை வரைக்கும் போகாம அரை மில்லிமீட்டர் குறைஞ்சாலும் ஒரு பின் கிடைக்காது, ஆனா அந்தத் தப்பை எந்த டெஸ்டரும் உடனே காட்டிடும். பாஸ் த்ரூ பண்ற தப்பு நைசானது: கிரிம்பர்ல இருக்கற பிளேடு மழுங்கிடுச்சுன்னா முன்னாடி காப்பர் நுனி பிசிறா நீட்டிக்கிட்டு நிக்கும், பக்கத்து நுனியைத் தொடற அளவுக்கு. பிஓஇ (நெட்வொர்க் கேபிள்லயே கரன்ட்டும் அனுப்பறது) ஓடற லைன்ல இது வேண்டாத வம்பு, 2018ல வந்த 802.3பிடி ஸ்டாண்டர்டு கணக்குப்படி நெட்வொர்க் ஸ்விட்ச் பக்கம் 90 வாட் வரைக்கும் அந்த எட்டு வயர்ல போகுது. நான் பாஸ் த்ரூதான் யூஸ் பண்றேன், ஆனா கிரிம்பர் பிளேடு ஸ்பேர் ஒண்ணு பையில எப்பவும் இருக்கும். அப்புறம் ஒரு கம்பெனி பிளக்கை இன்னொரு கம்பெனி கிரிம்பர்ல போடறதுக்கு முன்னாடி நாலு பிளக் வீணாக்கிப் பாத்துடுங்க, டை (பிளக்கை அமுக்கற அச்சு) உயரம் ஒத்துவராத ஜோடி நெறைய உண்டு.

ஆனா அதுக்கு மேல ஒரு கேள்வி இருக்கு, சுவத்துக்குள்ள போற கேபிள்ல பிளக்கே அடிக்கணுமா? என் பதில் வேண்டாம். ஜாக்ல பஞ்ச் பண்ணுங்க, பேக்டரிலயே பிளக் அடிச்சு வர்ற பேட்ச் கார்டு சொருகுங்க. கேமரா, வைஃபை ஆக்சஸ் பாயின்ட் மாதிரி ஜாக் வைக்க எடமில்லாத எடத்துக்கு மட்டும் நேரடி பிளக், அதை 2018ல வந்த டிஐஏ 568.2-டி கேபிளிங் ஸ்டாண்டர்டே எம்பிடிஎல் (ஒரு முனையில ஜாக், மறுமுனையில நேரடி பிளக்)னு பேர் வச்சு ஒத்துக்கிச்சு. அப்படிப் பாத்தா கிரிம்பருக்கு வேலை கம்மி, பஞ்ச் டூலுக்கு வேலை அதிகம், காசையும் அந்தக் கணக்குல பிரிங்க.

போன் வயர் ஜாயின்ட் போடற ஆளுங்களுக்கு ஒரு வார்த்தை. உள்ள ஜெல் ரொப்பி வர்ற ஸ்காட்ச்லாக் பொத்தான் (வயர்களை உள்ள விட்டு அமுக்கிச் சேக்கற சின்ன கனெக்டர்), யூஒய், யூஆர் ரெண்டு வகையும், இதை சாதா பிளையர்ல அமுக்கினா ஒரு பக்கம் முன்னாடி எறங்கும், மூடி சாய்ஞ்சு உக்காரும். த்ரீஎம் ஈ-9ஒய் மாதிரி தாடை இணையா மூடற பிளையர்ல அமுக்கினா நேரா எறங்கும். சின்ன டூல்தான், யாரும் வாங்க மாட்டாங்க, மழை பெஞ்சதும் அந்த ஜாயின்ட்டைத் தேடிக்கிட்டுப் போவாங்க.

இப்ப டெஸ்ட் பண்ற சாமான்கள். போன் லைனுக்கு பட் செட்டா (லைன்மேன் கையில வச்சிருக்கற டெஸ்ட் போன்), மல்டிமீட்டரா, இல்ல வீட்டுல கெடந்த பழைய போனோட வயர் நுனியில முதலை கிளிப் மாட்டினதா? மூணாவதைச் சிரிக்காதீங்க, டயல் டோன் இருக்கா, ரிங் வருதான்னு பாக்க அது போதும். அதுல இல்லாதது மானிட்டர் மோடு. பட் செட்ல மானிட்டர்ல வச்சா லைனை எடுக்காம, அதிக இம்பிடன்ஸ்ல, பக்கத்துல நின்னு கேக்கற மாதிரி கேக்கலாம். யாராவது பேசிக்கிட்டு இருந்தாலோ டேட்டா ஓடிக்கிட்டு இருந்தாலோ பழைய போனை மாட்டினா அவ்ளோதான், கட். அதுவும் டிஎஸ்எல் (போன் வயர்லயே வர்ற இன்டர்நெட்) ஓடற ஜோடியில ஃபில்டர் இல்லாம போனை எடுத்தா மோடம் லைனை விட்டுட்டு மறுபடி சிங்க் ஆக உக்காந்துக்கும், கஸ்டமர் நம்மளையே பாப்பாரு. அதனால பட் செட் வாங்கினா டேட்டா இருக்கற லைனைக் கண்டுபிடிச்சு எடுக்காம தடுக்கற வசதியோ டிஎஸ்எல் ஃபில்டரோ இருக்கற மாடலா வாங்குங்க. கிளிப்ல ஆணிப்படுக்கை மாதிரி குத்தற வகை எடுத்துக்கோங்க, தோல் உரிக்காமலே கடிச்சுக்கும். நம்பர் காட்டற ஸ்க்ரீன், மெமரி இதெல்லாம் நான் ஒரு தடவை கூட யூஸ் பண்ணினதில்ல.

மல்டிமீட்டர் சொல்ற பொய்தான் எல்லாத்துலயும் அழகான பொய். போனைக் கீழ வச்சிருக்கறப்ப லைன்ல சுமார் 48 வோல்ட் டிசி இருக்கும், போனை எடுத்தா 6லேருந்து 10 வோல்ட் பக்கம் எறங்கும், ரிங் வர்றப்ப 20 இல்ல 25 ஹெர்ட்ஸ்ல 90 வோல்ட் பக்கம் ஏசி (கையில பட்டா நல்லாவே தூக்கிப் போடும், ஏணி மேல நிக்கறப்ப ஞாபகம் வச்சுக்கோங்க). இப்ப கஸ்டமர் வீட்டுல டயல் டோன் இல்ல, மீட்டரை வைக்கறீங்க, 48 வோல்ட் காட்டுது. லைன் நல்லா இருக்கு, போன்லதான் கோளாறுன்னு சொல்லிட்டு வந்துடுவீங்க. தப்பு. மீட்டரோட உள் ரெசிஸ்டன்ஸ் 10 மெகாஓம். நடுவுல எங்கயோ ஒரு ஜாயின்ட் துருப்பிடிச்சு 50 கிலோஓம் ஆயிருந்தாலும் மீட்டருக்கு அது ஒரு பொருட்டே இல்ல, 47.8னு காட்டும். ஆனா போனை எடுத்தா அந்த 50 கிலோஓம் வழியா ஒரு மில்லிஆம்பியர்தான் ஓடும், எக்ஸ்சேஞ்சுக்கு நாம போனை எடுத்ததே தெரியாது. அதனால வோல்டேஜ் மட்டும் பாக்காதீங்க, லோடு போட்டு கரன்ட் பாருங்க, போன் எடுத்த நிலையில 20 மில்லிஆம்பியருக்கு மேல ஓடணும். பட் செட் இங்கதான் மீட்டரைத் தூக்கிச் சாப்புடுது, அது லைனை நெசமாவே இழுத்துப் பாக்குது. எதுக்கும் ரெண்டையும் வச்சுக்கோங்க, ஒண்ணு சொல்ற பொய்யை இன்னொண்ணு கண்டுபிடிக்கும்.

மீட்டர் வாங்கறப்ப கெப்பாசிட்டன்ஸ் (ரெண்டு வயரும் சேந்து மின்னூட்டத்தைத் தேக்கற அளவு) அளக்கற மீட்டரா வாங்குங்க, இது முக்கியம். டெலிபோன் கேபிள்ல ஒரு ஜோடிக்கு நடுவுல கிலோமீட்டருக்கு சுமார் 52 நானோஃபாரட் இருக்கும். லைனை எக்ஸ்சேஞ்ச் பக்கம் கழட்டி, வோல்டேஜ் இல்லன்னு உறுதி பண்ணிட்டு அளந்தா 26 நானோஃபாரட் காட்டுதா, அரை கிலோமீட்டர்ல வெட்டிக் கெடக்கு. மைக்ரோஃபாரட் கணக்குல காட்டினா அந்த முனையில போன் இன்னும் மாட்டியிருக்கு, அதோட ரிங்கர் கெப்பாசிட்டர்தான் பேசுது. ஷார்ட்டா இருந்தா லூப் ரெசிஸ்டன்ஸ் கணக்கு: 0.5 மில்லிமீட்டர் வயருக்கு போயி வர கிலோமீட்டருக்கு 170 ஓம் பக்கம், 0.4க்கு 270 பக்கம். டிடிஆர் (கேபிள்ல பல்ஸ் அனுப்பி, அதோட எதிரொலியை வச்சு தப்பு எங்கன்னு காட்டற மிஷின்) இல்லாம இத்தனை தூரம் போக முடியும். மீட்டர் தோக்கற எடம் ஈரம். தண்ணி எறங்கின கேபிளோட லீக்கேஜ் மீட்டரோட சின்ன பேட்டரி வோல்டேஜ்ல பல நேரம் முழுசா தெரியாது, 100 வோல்ட்டுக்கு மேல போடற இன்சுலேஷன் டெஸ்டர்லதான் வெளிய வரும். அதை மாட்டறதுக்கு முன்னாடி ரெண்டு முனையிலயும் எல்லா பொட்டியையும் கழட்டணும், சொல்லவே வேண்டாம், ஆனாலும் சொல்றேன்.

(மீட்டர் மேல கேட் 3, கேட் 4னு போட்டிருக்கறது மெயின்ஸ் பாதுகாப்பு வகை. "இந்த மீட்டர் கேட் 3 தான் அண்ணே, கேட் 6 கேபிளுக்கு ஆகாதுல்ல"னு ஒரு தம்பி கேட்டான். அது கேபிளோட தர வகை, இது வேற. பேர் வச்சவனைத்தான் திட்டணும்.)

டிடிஆர் தனியா வாங்கணுமான்னா, தெருவுல பொதைஞ்ச கேபிள் வேலைன்னா ஆமா, அதுவும் வெறும் தூரம் மட்டும் நம்பரா காட்டறது இல்ல, கிராஃப் வரையறது. திறந்திருந்தா கோடு மேல எழும்பும், ஷார்ட்டா இருந்தா கீழ எறங்கும், நடுவுல வர்ற சின்னச் சின்ன மேடு பள்ளம்தான் ஜாயின்ட், கிளை வயர், ஈரம் எல்லாம். நம்பர் மட்டும் காட்டற மிஷின் அதுல ஒண்ணை மட்டும் எடுத்துச் சொல்லும், எதை எடுத்துச்சுன்னு நமக்குத் தெரியாது. என்விபி (கேபிளுக்குள்ள சிக்னல் ஓடற வேகம்) மதிப்பு அஞ்சு சதவீதம் தப்பா போட்டா தூரமும் அஞ்சு சதவீதம் தப்பும், 600 மீட்டர்ல அது 30 மீட்டர் வெட்டிக் குழி. கட்டடத்துக்குள்ளயே வேலை பாக்கறவங்களுக்குத் தனி டிடிஆர் தேவையில்ல, நல்ல நெட்வொர்க் டெஸ்டருக்குள்ளயே அது இருக்கு.

டோனர், அதாவது ஒரு முனையில சத்தம் போடற பொட்டி, மறுமுனையில மோப்பம் பிடிக்கற குச்சி (ப்ரோப்). அனலாக்கா டிஜிட்டலாங்கறது இங்க கேள்வி. அனலாக்ல பெரிய பிரச்சனை பக்கத்து ஜோடியும் சேந்து பாடும். இதுக்கு டூல் மாத்தறதுக்கு முன்னாடி மாட்டற விதத்தை மாத்திப் பாருங்க. ஒரு கிளிப்பை வயர்லயும் இன்னொண்ணை எர்த்லயும் மாட்டினா சத்தம் ஊரெல்லாம் கேக்கும், எந்தக் கட்டுன்னு கண்டுபிடிக்க அது நல்லது. கட்டு தெரிஞ்சதும் ரெண்டு கிளிப்பையும் அதே ஜோடியோட ரெண்டு வயர்லயும் மாட்டுங்க, முறுக்கு இருக்கறதால சத்தம் தன்னைத்தானே அடிச்சுக்கிட்டு வெளிய கம்மியா கசியும், சரியான ஜோடி மட்டும் தனியா தெரியும். கடைசியா ப்ரோபை அது மேல வச்சுக்கிட்டே அந்த ரெண்டு வயரையும் கத்தரியால தொட்டு ஷார்ட் பண்ணுங்க, சத்தம் செத்துச்சுன்னா அதுதான் ஜோடி, சாகலைன்னா வேற எடத்துல தேடுங்க. ப்ரோப்ல மெயின்ஸ் ஹம்மை வடிகட்டற வசதி இருக்கணும், இல்லன்னா டியூப்லைட் சத்தத்தைத் துரத்திக்கிட்டுப் போவீங்க.

ஸ்விட்ச்ல சொருகியிருக்கற கேபிள்ல அனலாக் தோக்கும். போர்ட்டுக்குள்ள இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் காயில் அந்த டோனுக்கு ஷார்ட் மாதிரிதான், குரல்வளையைப் பிடிச்ச மாதிரி சத்தம் அமுங்கிடும். அங்க டிஜிட்டல், ஃப்ளூக் இன்டெல்லிடோன் மாதிரி. ஆனா 25 ஜோடி போன் கேபிள் கட்டுகள்ல நான் இன்னும் அனலாக்தான், காது ரொம்ப நுணுக்கமா சத்தம் ஏறி எறங்கறதைப் பிடிக்கும், எல்ஈடி லைட்டு அவ்ளோ சொல்லாது. இன்டெல்லிடோன் ப்ரோ 200ல ரெண்டு மோடும் இருக்கு, ஒண்ணுதான் வாங்க முடியும்னா அதை வாங்கலாம். உண்மையில லைவ் நெட்வொர்க்ல டோனே தேவையில்லாத வழி ஒண்ணு இருக்கு, போர்ட் லைட்டை மினுக்க வைக்கற இல்ல ஸ்விட்ச் பேரு, போர்ட் நம்பர் ரெண்டையும் எல்எல்டிபி (ஸ்விட்ச் தன்னைப் பத்தி அனுப்பற செய்தி) மூலமா படிச்சுக் காட்டற டெஸ்டர், லிங்க்ரன்னர் மாதிரி. சுவத்துல சொருகினா "இந்த ஸ்விட்ச், 17வது போர்ட்"னு வந்துடும். ஸ்விட்ச்ல எல்எல்டிபியை அணைச்சு வச்சிருந்தா மட்டும் வாயைத் திறக்காது.

சரி, பசங்க மொதல்ல கேட்ட டெஸ்டருக்கு வர்றேன். எட்டு லைட்டு வரிசையா எரியற சின்ன டெஸ்டர். எல்லார்கிட்டயும் இருக்கு, என்கிட்டயும் ரெண்டு இருக்கு. இது காட்டறது ஒண்ணுதான், இந்த முனையில 3வது பின் அந்த முனையில 3வது பின்னுக்குப் போயிருக்கா. எந்த வயர் எந்த வயரோட முறுக்கியிருக்குன்னு அதுக்குத் தெரியாது. 568பி கலர் வரிசையில 1-2 ஆரஞ்சு, 3-6 பச்சை, 4-5 நீலம், 7-8 பிரவுன். இப்ப ஒருத்தன் வரிசையா ஜோடி ஜோடியா 1-2, 3-4, 5-6, 7-8னு ரெண்டு முனையிலயும் அதே மாதிரி அடிச்சான்னு வைங்க, எட்டு லைட்டும் அழகா எரியும். ஆனா 3ம் 6ம் வேற வேற முறுக்குல இருக்கு, அதுல போற சிக்னல் பக்கத்து ஜோடிக்குள்ள கொட்டிக்கிட்டே போகும். இதுதான் ஸ்ப்ளிட் பேர். ஒரு மாடி முழுக்க இப்படி அடிச்சு வச்சிருந்ததைச் சரி பண்ண நான் போயிருக்கேன், லிங்க் லைட் எரியுது, நெட் வருது, பெரிய ஃபைல் காப்பி பண்ணினா விட்டு விட்டு நிக்குது, ஸ்விட்ச்சை ரெண்டு தடவை மாத்தியிருக்காங்க, கம்ப்யூட்டரைக் குறை சொல்லியிருக்காங்க. எங்கிட்ட அன்னிக்கு லைட்டு டெஸ்டர் மட்டும்தான் இருந்துச்சு, நானும் பாஸ்னு சொல்லிட்டு மத்தியானம் வரைக்கும் அங்கயே சுத்திக்கிட்டு இருந்தேன். கடைசியில ஜாக்கைக் கழட்டிக் கலரைப் பாத்ததும்தான் வெளங்குச்சு.

அதனால லைட்டு டெஸ்டருக்கு அடுத்த படி, ஸ்ப்ளிட் பேரும் நீளமும் காட்டற டெஸ்டர், அதுதான் தெனசரி வேலைக்கு சரியான எடம். ஃப்ளூக் மைக்ரோஸ்கேனர்2, க்ளைன் ஸ்கவுட் ப்ரோ 3 இந்த ரகம். ரெண்டும் தப்பைக் காட்டும், மைக்ரோஸ்கேனர்ல ஒவ்வொரு ஜோடிக்கும் தனித்தனியா தூரம் வரும், "பச்சை ஜோடி 31 மீட்டர்ல அறுந்திருக்கு"ன்னு தெரிஞ்சா எந்தச் சீலிங் ஓட்டைத் தூக்கணும்னு தெரியும். நாலு ஜோடியும் ஒரே நீளம் காட்டலைன்னா பதறாதீங்க, ஒவ்வொரு ஜோடிக்கும் முறுக்கு வேற, அதனால செம்போட நீளமும் கொஞ்சம் வேற.

இந்த ரகம் மறைக்கற தப்பு ஒண்ணு இருக்கு, அலுமினியம் மேல செம்பு பூசின சிசிஏ கேபிள். வயர்மேப் (எந்த பின் எந்த பின்னுக்குப் போகுதுங்கறது) பாஸ், நீளம் பாஸ். சாதா மல்டிமீட்டர் பிடிச்சுடும் பாருங்க: அந்த முனையில ஒரு ஜோடியை ஷார்ட் பண்ணி இந்த முனையில ஓம் அளங்க. கேட் 5இ கேபிள்ல ஒரு வயருக்கு 100 மீட்டருக்கு 9.38 ஓம்தான் உச்சம், போயி வர 19க்குள்ள இருக்கணும், முழு 305 மீட்டர் பெட்டின்னா 57க்குள்ள. சிசிஏன்னா ஒன்றரை மடங்கு பக்கம் எகிறும். மீட்டர் வயரோட ஓமைக் கழிச்சுக்கோங்க. கேபிளை இழுக்கறதுக்கு முன்னாடி பெட்டியிலயே ரெண்டு முனையும் கைக்கு எட்டினா அஞ்சு நிமிஷ வேலை.

அடுத்த படி குவாலிஃபிகேஷன், அதாவது "இந்த லைன்ல 1 கிகாபிட் ஓடுமா, 10 ஓடுமா"ன்னு சொல்றது. லிங்க்ஐக்யூ, சிக்னல்டெக் இந்த வகை. யாரோ பத்து வருஷம் முன்னாடி போட்ட கேபிள்ல புது ஸ்விட்ச் போடலாமான்னு கேக்கற கஸ்டமர் உங்களுக்கு அதிகம்னா இது நல்ல முதலீடு, மாட்டினா பிஓஇ எவ்ளோ வருது, ஸ்விட்ச் போர்ட் எதுன்னும் சேத்துக் காட்டும். புது கேபிள் போட்டு பில் குடுக்கற வேலைதான் அதிகம்னா நான் இதைத் தாண்டிடுவேன், ஏன்னா புது வேலைக்குக் கேக்கறது சர்டிஃபிகேஷன் பேப்பர், இந்த ரிப்போர்ட் அதுக்கு ஈடாகாது.

சர்டிஃபையர்னா ஃப்ளூக் டிஎஸ்எக்ஸ், சாஃப்டிங் வயர்எக்ஸ்பர்ட், லேன்டெக் மாதிரி. கேட் 6க்கு 250 மெகாஹெர்ட்ஸ், 6ஏக்கு 500 வரைக்கும் ஓட்டி நெக்ஸ்ட் (பக்கத்து ஜோடிக்குள்ள கசியற சிக்னல்), ரிட்டர்ன் லாஸ் (வந்த வழியே திரும்பற சிக்னல்) எல்லாத்தையும் ஸ்டாண்டர்டோட ஒப்பிட்டு பாஸ் ஃபெயில் போடும். டிஎஸ்எக்ஸ்-5000 1000 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், 8000 மாடல் 2000 வரைக்கும், அந்தப் பெரியது கேட் 8க்குத்தான் தேவை. கேபிள் கம்பெனி வாரன்டி வேணும்னாலோ கான்ட்ராக்ட்ல எழுதியிருந்தாலோ இதுதான், வேற வழியில்ல. சொந்தமா வாங்கறதா வாடகையான்னா, மாசம் முழுக்க இதே வேலைன்னா வாங்குங்க, வருஷத்துக்கு நாலஞ்சு தடவைன்னா வாடகைதான். வாங்கறவங்க மறக்கறது ரெண்டு விஷயம், வருஷா வருஷம் கேலிப்ரேஷனுக்கு அனுப்பணும், அந்த நாட்கள்ல கையில மிஷின் இருக்காது, அப்புறம் அடாப்டர் முனை தேயும்.

வாடகைக்கு எடுக்கறப்ப கேலிப்ரேஷன் தேதியைப் பாருங்க, பெர்மனன்ட் லிங்க் (பேனல்லேருந்து ஜாக் வரைக்கும் நிரந்தரமா போற கேபிள்) அடாப்டர் ரெண்டு, சேனல் (அதோட பேட்ச் கார்டும் சேந்தது) அடாப்டர் ரெண்டு இருக்கான்னு எண்ணுங்க. 90 மீட்டர் பெர்மனன்ட் லிங்க்கை சேனல் அடாப்டர்ல, 100 மீட்டர் கணக்குல ஓட்டிட்டு பாஸ்னு குடுக்கறவங்க இருக்காங்க, லிமிட் தளர்வா இருக்கறதால சுமாரான ஜாக் வேலையும் நழுவிடும். பாஸ் பக்கத்துல ஒரு நட்சத்திரக் குறி வந்தா அது மிஷினோட அளவீட்டுத் துல்லியத்துக்குள்ளயே வர்ற அளவுக்கு விளிம்புல இருக்குன்னு அர்த்தம், ஜாக்கைத் திரும்ப அடிங்க, முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல பிரிக்காதீங்க, முக்காவாசி நேரம் நட்சத்திரம் போயிடும்.

ஃபைபர் பக்கம் ஓரமா ஒரு பார்வை. சிவப்பு லேசர் பேனா, பவர் மீட்டர், ஓடிடிஆர் (ஃபைபருக்கான டிடிஆர்). மூணுக்கும் முன்னாடி கிளிக் பண்ணித் துடைக்கற கிளீனர் வாங்குங்க, கனெக்டர் அழுக்குதான் முதல் எதிரி. லேசர் பேனா ட்ரேக்குள்ள மடிஞ்ச ஃபைபரைக் காட்டும், லாஸ் எவ்ளோன்னு சொல்லாது. பவர் மீட்டர் எவ்ளோன்னு சொல்லும், எங்கன்னு சொல்லாது. ஜிபான் (ஒரே ஃபைபரைப் பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கற முறை) வீட்டு இணைப்புல 1490 நானோமீட்டர் அலைநீளத்துல அளங்க, பி ப்ளஸ் வகை ஆப்டிக்ஸ்னா மைனஸ் 8லேருந்து மைனஸ் 27 டிபிஎம்குள்ள இருக்கணும், நான் மைனஸ் 25 தாண்டினாலே கனெக்டரைத் துடைக்க ஆரம்பிச்சுடுவேன். வீட்டு இணைப்பு மட்டும் பாக்கறவங்களுக்கு ஓடிடிஆர் சொந்தமா தேவையில்ல, ரூட் முழுக்கப் பாக்கற டீமுக்குத்தான் வேணும், அதுவும் லைவ் லைன்ல போடறதா இருந்தா 1625 இல்ல 1650 ஃபில்டர் வச்ச போர்ட் இருக்கணும், 1310ஐ லைவ்ல விட்டா மத்த வீட்டுக்காரங்க எல்லாரும் சேந்து ஃபோன் பண்ணுவாங்க.

எதை வாங்கினாலும் கைப்பிடியில பளிச்சுன்னு ஒரு கலர் டேப் சுத்தி வைங்க. என் பஞ்ச் டூல் மூணு தடவை ஃபால்ஸ் சீலிங் மேலயே தங்கிடுச்சு, ரெண்டு தடவை திரும்பக் கெடைச்சுது, மூணாவதை யாரோ எடுத்து ஒழுங்கா யூஸ் பண்ணிக்கிட்டு இருக்காங்கன்னு நெனச்சுக்கறேன், வெட்டற பக்கத்துல சிவப்புப் பொட்டு இருக்கும்.